ஒலிப்பதிவு அறைக்கு ஒரு குழாய் விசிறி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவுக்காக அடைத்தபோது, சுவரும் கதவும் இலகுவாக முடிந்தன. காற்றைக் கொண்டுவருவதுதான் பெரும் வேலையாக இருந்தது. தவிலும் நாதஸ்வரமும் சுருதிக்கான ஒத்தும் ஓர் அறைக்குள் கூடினால் சிறிது நேரத்திலேயே மூச்சு முட்டும். சுவரில் மாட்டும் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. புதுக் காற்றைத் தருவதில்லை. ஆகவே வெளிக்காற்றை இழுத்துவர காற்றுக்குழாயின் நடுவே பூட்டும் 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் விசிறி ஒன்றைக் கூரையின் கீழ் பொருத்தினோம். சோளகக் காற்றும் மாரி மழையும் மாறி மாறி வந்துபோய்விட்டன. அது இன்னமும் ஓடுகிறது, மைக் திறந்திருக்கும்போதும்.

இந்த அளவு அறைக்கு 150 மில்லிமீற்றர் போதும் என்று கடையில் சொன்னார்கள். காற்றின் அளவுக்கு அது போதும்தான். ஆனால் மணிக்கு 220 கன மீற்றர் காற்று 150 மில்லிமீற்றர் குழாயில் வினாடிக்கு ஏறத்தாழ 3.5 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். 200 மில்லிமீற்றர் குழாயில் 2 மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே போதும். இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டற்றுப் பீறிடும் காற்றின் ஒலித்திறன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும் என்று 1952இல் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் காட்டினார். திண்மப் பரப்புகளில் மோதும் காற்றுக்கு அது ஆறாம் அடுக்கு என்பது அதை 1955இல் கேர்ல் என்ற ஆய்வாளர் விரிவாக்கியதிலிருந்து வந்தது. வளைவு, வலை, சட்டம் என்று குழாய்க்குள் காற்று மோதாத இடமே இல்லை. அந்தக் கணக்கின்படி வேகம் பாதியானால் சுமார் 18 டெசிபல் குறைய வேண்டும். எங்கள் விசிறியை முழு வேகத்தில் ஒரு முறை ஓடவிட்டு, பிறகு குறைந்த வேகத்துக்கு மாற்றிக் கேட்டால் எந்தக் கருவியும் தேவையில்லை, காதே சொல்லிவிடும். பெரிய விசிறியை வாங்கி மெதுவாக ஓட்டுங்கள். பணம் அளவாக இருந்தால் முதலில் அதைக் குழாயின் அகலத்தில் போடுங்கள். ஒலியை உறிஞ்சும் பஞ்சும் அதை வைக்கும் பெட்டியும் பிறகு வரலாம்.

வேகத்தைக் குறைப்பதற்கு விசிறியுடன் வந்த வேகச் சுவிட்சையே பயன்படுத்துகிறோம். மின் அலையை வெட்டி வேகத்தைக் குறைக்கும் மலிவான றெகுலேற்றரைப் போட்டால் மோட்டார் முனகத் தொடங்கும். நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த முனகல் 100 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும்.

காற்றின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் இன்னொன்று வெளிப்பட்டது. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் ஒரு மாணவி, "அண்ணா, தம்புராவுக்குப் பக்கத்தில் ஏதோ அலைகிறது" என்றாள். எங்கள் விசிறிக்கு ஏழு இறக்கைகள். குறைந்த வேகத்தில் நிமிடத்துக்கு 1800 சுற்று. பெருக்கி 60ஆல் வகுத்தால், இறக்கைகள் காற்றை வெட்டும் சுரம் 210 ஹேர்ட்ஸ். ஐந்தரைக் கட்டையின் ஆதார சட்சமம் 208 ஹேர்ட்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். அந்தக் காதுக்கு என் வணக்கம்.

இந்தச் சுரத்தைப் பஞ்சு எளிதில் விழுங்காது. 50 மில்லிமீற்றர் றொக்வூல் பஞ்சு உயர்ந்த ஒலிகளை நன்றாக உறிஞ்சும். 210 ஹேர்ட்ஸின் கால் அலைநீளமோ 40 சென்ரிமீற்றர், அதற்கு இந்தப் பஞ்சு மிக மெல்லியது. ஆகவே ஒலி பிறக்கும் இடத்துக்கே போனோம். விசிறியின் வாயருகே ஒரு வளைவு இருந்தது. அங்கே குழம்பிய காற்றை ஒவ்வோர் இறக்கையும் வெட்டும்போதுதான் அந்தச் சுரம் ஓங்கியது. தகடு வேலை செய்யும் அண்ணர் ஒருவர் வளைவைத் தள்ளி வைத்து, நடுவில் ஒரு மீற்றர் நேர்க்குழாய் கொடுத்தார். விசிறிக்குப் பின்னால் இருக்கும் பிளைவூட் பெட்டியில் ஒரு பக்கத்துக்கு 100 மில்லிமீற்றர் பஞ்சு வைத்தோம். இப்போது அந்த மாணவிக்கும் கேட்பதில்லை.

அதிர்வையும் மறக்கக்கூடாது. எங்களுடையது ஓட்டுக்கூரை. விசிறியைக் கூரையின் பனஞ்சிலாகையில் (பனைமரச் சட்டத்தில்) நேரடியாக முடுக்கினால் கூரை முழுவதும் பாடும். றப்பர் பட்டியில் தொங்கவிட்டு, குழாயுடன் கன்வஸ் துணியால் இணைத்திருக்கிறோம். கடையில் கிடைக்கும் சுருங்கி விரியும் குழாயைச் சிறு துண்டு மட்டுமே பயன்படுத்துங்கள், அதையும் இழுத்து நேராகப் பூட்டுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புகளில் காற்று உரசினால் குழல் ஊதுவது போல ஒரு சீழ்க்கை எழும்.

பெட்டியால் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. அது இரு திசைக்கும் வேலை செய்கிறது: அயல் கோயிலின் ஒலிபெருக்கி உள்ளே வருவது குறைந்தது, இரவில் எங்கள் தவில் அயலவரின் படுக்கையறைக்குப் போவதும் குறைந்தது.

யாழ்ப்பாணத்துக்கே உரிய சங்கடம் புழுதி. சோளகம் தொடங்கினால் செம்மண் தூள் வடிகட்டியில் அப்பிக்கொள்கிறது. வடிகட்டி அடைபட்டால் காற்று குறைவதோடு நிற்காது. போதிய காற்றுக் கிடைக்காத இறக்கைகளின் பரப்பிலிருந்து காற்றோட்டம் பிரிந்து, விசிறி உறுமத் தொடங்கும். இறக்கையில் படியும் தூள் சமநிலையைக் கெடுத்து அதிர்வையும் கூட்டும். உறுமல் கேட்டதும் வடிகட்டியைக் கழுவி, இறக்கைகளைத் தூரிகையால் துடைத்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஞ்சு ஈரமாகிப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றெடுக்கும் வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, பஞ்சின்மேல் நெருக்கமான மெல்லிய கறுப்புத் துணி போர்த்திய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. நூலிழைகள் பாடுபவரின் தொண்டைக்குப் போகாமலும் அந்தத் துணி காக்கிறது. கடற்காற்றில் தகட்டு மூட்டுகளில் துரு ஏறுவதற்கு மட்டும் அவ்வப்போது பூச்சுப் பூசுவதைத் தவிர வேறு வழி காணவில்லை.

சங்கீத வகுப்பு மட்டும் நடத்துபவருக்குப் பெட்டி தேவையில்லை. அகலமான குழாய், மெதுவான விசிறி, துணி இணைப்பு ஆகியவை போதும். ஒலிப்பதிவு செய்யப்போகிறவர் சீலிங் அடிப்பதற்கு முன்பே பெட்டிக்கும் விசிறிக்கு முன்னான நேர்க்குழாய்க்கும் இடம் ஒதுக்கிவிட வேண்டும். வடிகட்டியைக் கழற்ற ஒரு சிறு கதவும் வையுங்கள், ஏணி நிற்கக்கூடிய இடத்தில்.