கேரவன் ஜெனரேட்டர் சத்தம்: மூன்று வருடமாக நான் செய்து பார்த்தவை

கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்தில் ஒரு படப்பிடிப்பு. கேரவனுக்குள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த மூத்த நடிகை என்னைக் கூப்பிட்டு, மேசை மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் காட்டினார். தண்ணீர் வட்ட வட்டமாக அலையடித்துக்கொண்டே இருந்தது. “இதுக்குள்ள எப்படித் தம்பி கண்ணை மூடுறது?” என்று கேட்டார். வாடகைக்கு விடுவதற்காக வண்டியை வாங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பின்பக்கப் பெட்டியில் இருப்பது 5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் வகை. முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பெட்டியின் உள்பக்கம் முழுக்க ஃபோம் ஒட்டினேன். இரைச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டது, ஆனால் அந்த ‘தட தட’ அப்படியே இருந்தது. எட்டு மாதத்தில் ஃபோம் டீசலிலும் ஆயிலிலும் ஊறிப்போய் நாற ஆரம்பித்தது. கொதிக்கிற சைலன்சருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றை வைத்திருக்கவே கூடாது. பார்த்த அன்றைக்கே பிய்த்து எறிந்தேன்.

அப்புறம்தான் கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஜெனரேட்டரை ஓடவிட்டு, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கட்டில் சட்டம், பிறகு கதவு. “சத்தம் காத்துல வரலப்பா, இரும்புல வருது” என்றார். நிமிடத்துக்கு 1500 சுற்று, இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அப்படியென்றால் நொடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று இடி. அதைத் தாங்க வேண்டிய ரப்பர் மவுண்டுகள், அதாவது ஜெனரேட்டருக்கு அடியில் இருக்கும் தாங்கிகள், பெரிய இன்ஜினுக்கானவை, கல் மாதிரி இருந்தன. வண்டி கட்டிக் கொடுத்தவர்கள் கையில் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஜெனரேட்டரின் எடையை நாலாகப் பங்கிட்டு, இன்ஜின் பக்கம் கனம் அதிகம் என்பதால் அங்கே தனி அளவு எடுத்து, மெத்தென்ற மவுண்டுகளாக மாற்றினோம். அன்றைக்குக் கிடைத்த வித்தியாசம் வேறு எந்த வேலையிலும் கிடைக்கவில்லை.

ஆனால் மெத்தென்ற மவுண்டில் உட்கார்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் குலுங்கும். இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். நாலே மாதத்தில் புகைக்குழாய் வெல்டிங் பிடித்த இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாயான ஸ்டீல் பெல்லோஸ் போட்டு, சைலன்சரை ரப்பரில் தொங்கவிட்டோம். டீசல் குழாயையும் கொஞ்சம் தொங்கலாக விட்டோம். மவுண்ட் மாற்றுகிறவர்கள் இதையெல்லாம் ஒரே நாளில் செய்துவிடுங்கள்.

புகைக்குழாய் முன்பு வண்டிக்கு அடியில் முடிந்தது. சத்தம் தரையில் பட்டு மேலே வந்தது, புகையும் கதவுப் பக்கம் வந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. உள்ளே ஆள் தூங்குகிற வண்டி இது. அதனால் குழாயைப் பின்பக்கமாகக் கூரைக்கு மேல் ஏற்றிவிட்டு, உள்ளே ஒரு எச்சரிக்கைக் கருவியும் மாட்டியிருக்கிறேன். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடைசியாகப் பெட்டி. கனமான தகடு, உள்ளே ராக்வூல் என்கிற கல் பஞ்சு, அதன் மேல் துளைத்தகடு. சத்தத்தை இன்னும் குறைக்கும் ஆசையில் காற்று வழியைக் குறுக்கிவிட்டேன். கத்திரி வெயிலில் மேலூர் பக்கம் ஒரு படப்பிடிப்பில் சூடு ஏறி ஜெனரேட்டர் நின்றுபோனது. இப்போது காற்று வழி அகலமாக இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் மடங்கிப் போகிறது, அந்த மடிப்புகளிலும் ராக்வூல் உண்டு. காற்று தாராளமாகப் போகிறது, சத்தம் மடிப்பில் மோதி அடங்குகிறது.

மொபைல் ஆப்பில் அளந்தால் உள்ளே 69 டெசிபல் காட்டிய இடத்தில் இப்போது 56 காட்டுகிறது. ஆப் துல்லியம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தெரியும் என்பார்கள், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. வெளியே ஊர்க்காரர்களையும் பார்க்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. வீடுகளுக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டி போட்டாலும் அது சிரமம். அதனால் இரவில் லித்தியம் பேட்டரியில் மின்விசிறியும் விளக்கும் ஓடும், ஏசி கிடையாது என்று முன்பே சொல்லிவிடுகிறேன். நிறுத்தும்போது ஜெனரேட்டர் பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்துவதில்லை, சத்தம் மோதித் திரும்பும்.

போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் பக்கத்து மவுண்ட் இரண்டிலும் ரப்பர் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. அடுத்த படப்பிடிப்புக்கு முன்னால் நாலையும் மாற்றிவிடப் போகிறேன்.