மாத்திரையா, ஊசியா? 1971-இன் இரண்டு போதைக் கதைகள்

1971-இல் அமெரிக்காவின் இரு பெரிய காமிக்ஸ் நிறுவனங்களும் சில மாத இடைவெளியில் போதைப்பழக்கத்தைக் கையில் எடுத்தன. மார்வெல், 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 96 முதல் 98 வரை மூன்று இதழ்களில். டிசி, 'கிரீன் லாந்தர்' 85, 86 என இரண்டில். விதியை உடைத்தது மார்வெல். ஆனால் இன்று எடுத்துப் படித்தால் கதையாக நிற்பது டிசி-யுடையதுதான்.

முதலில் விதி. 1954-இல் காமிக்ஸ் நிறுவனங்களே தங்களுக்கு அமைத்துக்கொண்ட தணிக்கை அமைப்பு 'காமிக்ஸ் கோட்'. அன்று அட்டையில் அதன் முத்திரை இருந்தால்தான் கடைக்காரர் பயமில்லாமல் இதழை அடுக்கினார். போதைப்பொருளை எச்சரிக்கையாகக் காட்டக்கூட அந்த அமைப்பு இடம் தரவில்லை. அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையே கேட்டு மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீ எழுதிய கதைக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. மார்வெல் அந்த மூன்று இதழ்களையும் முத்திரை இல்லாமலே வெளியிட்டது. அதன்பின் கோட் தளர்ந்தது: போதையைத் தீய பழக்கமாகக் காட்டினால் சரி. அந்தத் தளர்வில்தான் டிசி கதை முத்திரையோடு வந்தது.

கதைக்குள் போனால் நிலைமை தலைகீழ். ஸ்பைடர்-மேனில் போதை ஓரக்கதை. பக்கங்களில் பெரும்பங்கு வில்லன் கிரீன் காப்ளினுக்கு. 96-இல் தன்னால் பறக்க முடியும் என்று நம்பி கூரையிலிருந்து குதிக்கும் இளைஞனை ஸ்பைடர்-மேன் காப்பாற்றுகிறான். பிறகு ஸ்பைடர்-மேனாக மாறும் பீட்டரின் அறைத்தோழன், காப்ளினின் மகன் ஹாரி மாத்திரைகளை விழுங்கிச் சரிகிறான். என்ன மாத்திரை? பெயர் இல்லை. காரணம், காதலி மேரி ஜேன் அவனை உதறிவிட்டுப் பீட்டரிடம் குழைவது. பலவீனமான காரணம்தான். ஆனாலும் 98-இல் மருத்துவமனைப் படுக்கையில் மகனைப் பார்த்ததும் காப்ளின் நிலைகுலையும் இடத்தில் கில் கேனின் ஓவியம் கதையைத் தூக்கி நிறுத்துகிறது.

டென்னி ஓ'நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த டிசி கதை இப்படிச் சுற்றி வளைக்காது. 85-இன் அட்டையிலேயே ஊசியும் கட்டிய கையுமாக ஸ்பீடி, அதாவது கிரீன் லாந்தரோடு அந்த இதழின் இன்னொரு நாயகனான கிரீன் ஆரோ வளர்த்த பையன் ராய். அடிமையானவன் நாயகனின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், நாயகனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் செய்வது அதைவிட மோசம்: அடித்து வெளியே துரத்துகிறான். தனிமையில் ஊசியில்லாமல் துடிக்கும் ராயைத் தாங்குவது கிரீன் ஆரோவின் காதலி பிளாக் கேனரி. நாயகனின் தவறே கதையின் அச்சு என்பது அன்றைக்குப் புதுசு.

குறை இல்லாமல் இல்லை. ஆளாளுக்கு மேடைப் பேச்சு. நாள்கணக்கில் வதைக்கும் ஹெராயின் விடுபடல் சில படக்கட்டங்களில் முடிந்துவிடுகிறது. கும்பலின் தலைவன் ஒரு மருந்துக் கம்பெனி முதலாளி என்பதும் கொஞ்சம் வசதியான முடிச்சு.

பின்விளைவு இரண்டுக்கும் உண்டு. ஹாரியின் போதை 1973-இல் 121-ஆம் இதழில், பீட்டரின் காதலி க்வென் சாகும் கதையின் பின்னணியில், திரும்ப வருகிறது. ராயை எழுதிய பிற்காலத்தவர்களோ ஹெராயினிலிருந்து மீண்டவன் என்பதை அவனுடைய அடையாளமாகவே வைத்துக்கொண்டார்கள்.

தணிக்கை வரலாறு வேண்டுமென்றால் 96-இல் தொடங்குங்கள். கதை மட்டும் போதும் என்றால் 85, 86 இரண்டையும் ஒரே மூச்சில் படியுங்கள். 85 ஊசியைக் கண்ட அதிர்ச்சியிலேயே நின்றுவிடும்.