சொம்ப்ரேரோ: டாப்சோனியனா, ஸ்மார்ட் தொலைநோக்கியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டு வாசலிலிருந்து ஒரு விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸி) பிடிக்க நினைத்தால், நான் சொல்வது சொம்ப்ரேரோ. ஆண்ட்ரோமெடா மண்டலம் பார்வைக்கு இதைவிடப் பெரியது, பிரகாசமானது. ஆனால் அது மாலை வானில் உயரும் அக்டோபர், நவம்பரில் இங்கே மழை விடாது. சொம்ப்ரேரோ ஏப்ரல், மே இரவுகளில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே வரும். அஸ்தம், சித்திரை நட்சத்திரங்களுக்கு இடையே தேடுங்கள். சித்திரா பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். நிலவு அந்தப் பக்கமேதான் நிற்கும்.

சரி, எந்தக் கருவி?

8 அங்குல டாப்சோனியனை (கையால் திருப்பிக் கண்ணால் பார்க்கும் ஆடித் தொலைநோக்கி) செம்பனைத் தோட்டத்துக்குள், மரங்கள் மறைக்காத திறந்த இடத்தில் வையுங்கள். காவலாளியிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அப்புறம் தெரிவது மெலிந்த சாம்பல் கீற்று, நடுவில் ஒளிக்கரு. நேராகப் பார்க்காமல் சற்று ஓரப் பார்வையில் பார்த்தால், நல்ல இரவில் மண்டலத்தின் குறுக்கே ஓடும் கரிய தூசிப் பட்டையும் பிடிபடும். ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி உங்கள் கண்ணிலேயே வந்து விழுகிறது. எந்தப் படமும் இதற்கு ஈடாகாது என்றே நினைக்கிறேன்.

அதே டாப்சோனியனைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலில், தெருவிளக்கடியில் வைத்தால் கீற்று கரைந்து, கரு மட்டும் மிஞ்சும். பெரிய ஆடி வானத்தின் வெளிச்சத்தையும் சேர்த்துத்தானே திரட்டுகிறது!

அங்கே சீஸ்டார் எஸ்50 ஜெயிக்கும். இது தானே இலக்கைத் தேடிப் படம் எடுக்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி. அதன் லென்ஸ் 50 மி.மீ.தான், 8 அங்குல ஆடி வாங்கும் ஒளியில் பதினாறில் ஒரு பங்கு. ஆனாலும் 10 விநாடிப் படங்களை அடுக்கிக்கொண்டே போவதால், ஒரு மணி நேரத்தில் தூசிப் பட்டை தெளிந்துவிடும். படத்தில் மண்டலம் சின்னதாகத்தான் இருக்கும். உள்ளிருக்கும் ஒளிமாசு வடிகட்டியை அணைத்துவிடுங்கள்: அது ஒளிரும் வாயு முகில்களுக்கானது, விண்மீன்களின் ஒளியில் பெரும்பகுதியை வெட்டிவிடும். பனி படியாமலிருக்க ஹீட்டரும் உண்டு. டாப்சோனியனில் அந்தக் கவலை உங்களுடையது.

கேமராவோடு ஈக்குவட்டோரியல் மவுண்ட்? வானின் சுழற்சியோடு திரும்பும் இந்தத் தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை வைத்துத்தான் வழக்கமாகச் சீரமைப்பார்கள். அது இங்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 5 பாகை உயரத்தில்தான், செம்பனைக்குப் பின்னால். புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோட்டத்துக்குள் போகக் கார் இருந்தால் டாப்சோனியனையே வாங்குங்கள். வாசலை விட்டு நகர முடியாதவர்களுக்கு சீஸ்டார்.