பழைய பங்களா புகைபோக்கிக்கு சிமெண்ட் பூசித் தருகிறேன் என்று வந்தால் உஷார்

குன்னூரில் வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்று. புகைபோக்கிக்கு ‘ஃபுல் சர்வீஸ்’ என்று சொல்லி 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் கீழ்ச் சுவர் ஊறிவிட்டது, மாடி அறையில் புகை நாற்றம். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலில் ஃபயர்பிளேஸ் (கணப்பு) உள்ள வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

பணத்தில் முக்கால்வாசி வெளிப்புற சிமெண்ட் பூச்சுக்குப் போனது. பார்க்க என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மிருதுவான செங்கல். குடித்த ஈரத்தைச் சாந்து வழியாகத்தான் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. நெருப்பு மூட்டும்போது செங்கல் விரிய, விறைப்பான பூச்சில் மயிரிழை விரிசல் விழுகிறது. மழைநீர் அதில் இறங்கி உள்ளேயே தங்குகிறது. தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம். உரித்தால் செங்கலின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

பூச்சே வேண்டியதில்லை. செங்கல்களுக்கு நடுவே சாந்து உதிர்ந்த இணைப்புகளை மட்டும் 20–25 மி.மீ. ஆழம் உளியால் சுரண்டி (கிரைண்டர் வைத்தால் செங்கல் ஓரம் போகும்), நன்றாக நனைத்து, சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற சாந்தை அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கால் சில நாள் மூடி வைக்க வேண்டும். உறைபனி விழும் மார்கழி, தையில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கூரையும் புகைபோக்கியும் சேரும் இடத்தில் மழைநீரைத் தடுத்த பழைய ஈயத் தகட்டைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் சிமெண்ட்தான். தலையில் கொசுவலை வேறு! கரி படிந்து சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். வலை வைப்பதானால் கண் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும்.

உள்ளே கை எட்டிய வரைக்கும்தான் துடைத்திருக்கிறார்கள். கணப்பின் தொண்டைக்கு (புகை மேலேறும் குறுகிய வாய்) பின்னால் இருக்கும் திட்டில் கைவிட்டுத் துழாவினால் அரை மூட்டை கரியும், உதிர்ந்த சாந்தும், ஒரு பறவைக் கூடும். அந்தச் சாந்து எங்கிருந்து உதிர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. கீழ் அறைக்கும் மாடி அறைக்கும் ஒரே புகைபோக்கித் தூணில் இரண்டு புகைவழி, நடுவில் அரைச்செங்கல் தடுப்பு. அதில் ஓட்டை. மாடிக்குப் புகை போனது அப்படித்தான். நாற்றம் வந்ததால் தெரிந்தது. கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போகலாம்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் புகைச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, கணப்பில் ஒரு பிடி ஈர இலையைப் புகைய விட்டு, மேலே புகை வந்ததும் மேல்வாயை ஈரச் சாக்கால் அடைத்து, கணப்பின் வாயையும் மூடி, மாடிக் கணப்பு, மச்சு, சுவர் விரிசல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முடிந்ததும் சாக்கை மறக்காமல் எடுங்கள். பிறகு டார்ச்சோடு செல்போனைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்கி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கரி 3 மி.மீ. கனத்துக்கு மேல் இருந்தால் சுத்தம் செய்யவே இல்லை என்று அர்த்தம். கண்ணாடி போல மின்னும் தார் படிந்திருந்தால் பிரஷ்ஷுக்கு வராது. ஈரச் சீகை (வாட்டில் மரம்) விறகு எரித்த வீடுகளில் இது சகஜம். அதை எடுக்கும்வரை அந்தக் கணப்பில் தீ மூட்டாதீர்கள்.