பழைய பிக்கப்புக்கு ‘ஒரிஜினல்’ பாகம் வாங்குபவர்கள் கவனத்துக்கு: 260 டாலர் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போய்த் தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன். அது என் பழக்கம். விற்றவனும் அதை நம்பித்தான் விற்றிருக்கிறான்.

போனது 260 டாலர். பெரிய பணமா என்று கேட்பீர்கள். ஒரு கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் இரும்புத் துண்டுக்கு அது பெரிய பணம்தான். பழைய வாகனத்துக்குப் பாகம் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னிடம் 1969ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. டெக்சாஸ் வந்து ஏழெட்டு வருடம் கழித்து, மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாங்கியது. செவர்லே பிக்கப்பில் பவர் விண்டோ வந்ததே 1977இல்தான். இதில் எல்லாம் கையால் சுற்றுவதுதான். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதி ஏறும், அப்புறம் கடகடவென்று சத்தம், அதோடு சரி. கைப்பிடி வெறுமனே சுற்றும். ரெகுலேட்டர் போய்விட்டது. ஊர்ப் பக்கம் மெக்கானிக்குகள் விண்டோ மெஷின் என்பார்களே, அதேதான்.

உள்ளே இருப்பது எளிமையான சமாச்சாரம். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு சின்னப் பல்சக்கரம் சுழலும். அது விசிறி வடிவத்தில் பல் வெட்டிய ஒரு தகட்டைத் தள்ளும். தகட்டோடு சேர்ந்த நீளமான கை மேலே எழும். கையின் நுனியில் இருக்கும் உருளை, கண்ணாடியின் அடியில் உள்ள காடிக்குள் ஓடிக் கண்ணாடியைத் தூக்கும். கண்ணாடியின் எடைக்கு ஈடுகொடுக்க ஒரு சுருள் வில். அவ்வளவுதான். ஐம்பது வருடம் உழைத்ததில் என் வண்டித் தகட்டின் நடுப் பற்கள் தேய்ந்து மழுங்கிவிட்டன.

பழைய பாகங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் தேடினேன். பெயர் சொல்லப் போவதில்லை, எல்லாரும் போகிற மாதிரியான இடம்தான். ‘நியூ ஓல்டு ஸ்டாக்’ என்று ஒருவன் போட்டிருந்தான். அதாவது அந்தக் காலத்திலேயே கம்பெனி செய்து, யாரும் பிரிக்காமல் அலமாரியில் கிடந்த சரக்கு. மங்கிப்போன அட்டைப்பெட்டி, ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஓர் ஓட்டை. படத்தைப் பார்த்ததுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. விலை 275 டாலர்.

போன் செய்தேன். இங்கேதான் விழுந்தேன். நாற்பது நிமிடம் பேசினான். அப்பா ஒரு டீலரிடம் பாகங்கள் கவுண்டரில் முப்பது வருடம் இருந்தாராம், கடை மூடியபோது மிஞ்சியதை வீட்டுக்கு ஏற்றி வந்தாராம். என் வண்டி எந்த வருடம், முன்பக்க முக்கோணக் கண்ணாடி இருக்கிறதா, கண்ணாடி ஏறும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று டாக்டர் மாதிரி கேட்டான். கைப்பிடியைப் பிடித்திருக்கும் குதிரைலாட வடிவ கிளிப்பை எப்படிக் கழற்றுவது என்றும் சொல்லிக் கொடுத்தான். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு பழந்துணியை விட்டு, ஷூ துடைப்பது போல இரண்டு பக்கமும் இழுத்தால் கிளிப் துள்ளி வெளியே வந்துவிடும். உண்மையாகவே வந்தது! இவ்வளவு தெரிந்தவன், அதைச் சும்மா சொல்லிக் கொடுப்பவன், ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

கடைசியில், “சந்தை மூலமாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள். நண்பருக்கு அனுப்புவது போல நேராக அனுப்பிவிடு, 15 டாலர் குறைத்துக்கொள்கிறேன்” என்றான். அனுப்பினேன். 260 டாலர். அந்தப் பதினைந்து டாலரை மிச்சம் பிடித்ததை மனைவியிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

பெட்டி ஐந்து நாளில் வந்தது. சனிக்கிழமை காலை கதவைப் பிரித்தேன். கைப்பிடிகள், கை வைக்கும் திண்டு, உள்பலகை எல்லாம் கழற்றி, கண்ணாடியை மேலே தள்ளிக் கதவுச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டி, நாலு போல்ட்டைக் கழற்றி, உருளையைக் காடியிலிருந்து நகர்த்தி, ஓட்டை வழியாக வளைத்து நெளித்துப் பழசை வெளியே எடுத்தேன். முழங்கையில் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. பழசையும் புதுசையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தபோது புதுசு கனம் குறைவாக இருந்தது. துரு பிடித்து மண் ஏறிய பழசு கனமாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் பையன், “அப்பா, இதில் ஏதோ ஸ்டிக்கர் ஒட்டி எடுத்த மாதிரி இருக்கு” என்றான். எண்ணெய்க் கறைடா, பேசாமல் நேராகப் பிடி என்றேன்.

மாட்டினேன். வெண்ணெய் மாதிரி ஏறியது. பத்து நாள்.

செவ்வாய்க்கிழமை மாலை அலுவலக வாசலில் ஒரு ‘டக்’. கண்ணாடி கதவுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீடு போய்ச் சேர்வதற்குள் மழை. டெக்சாஸ் மே மாத மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரவே பிரித்துப் பார்த்தேன். நீளக் கையைத் தகட்டோடு பிணைக்கும் ரிவெட் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. எண்ணெயைத் துடைத்தால் பையன் சொன்ன அதே இடத்தில் நீள்சதுரமாகப் பசைத் தடம். சுரண்டியும் போகாத காகிதத்தில் ‘மேட் இன்’ வரை இருக்கிறது. மிச்சத்தைக் கிழித்துவிட்டான். பழைய பெட்டி உண்மையான பெட்டிதான், உள்ளே வைத்தது மட்டும் நகல். அதே பாகத்தை நகல் என்று சொல்லியே விற்கும் கடையில் 48 டாலருக்குப் பார்த்தேன். நகல் விற்பது தப்பே இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த வண்டிகளில் பாதி ஓடாது. 48 டாலர் சாமானை எலி கடித்த பெட்டியில் வைத்து 260 டாலருக்கு விற்பதுதான் அயோக்கியத்தனம்.

அவனுக்கு எழுதினேன். முதல் பதில்: கிரீஸ் போட்டாயா? போட்டேன். இரண்டாவது: கண்ணாடி ஓடும் ரப்பர் காடி காய்ந்து இறுகியிருக்கும், அதனால்தான் ரெகுலேட்டருக்குப் பளு. (இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காடியை நான் மாற்றவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.) மூன்றாவது: மாட்டிய பாகத்தைத் திருப்பி எடுப்பதில்லை. மாட்டாமல் எப்படி ஐயா தெரியும்? நான்காவது: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் பேசலாம். ஸ்டிக்கர் படத்தை அனுப்பினேன். அதற்கப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டான்.

சந்தைக்காரர்களிடம் போனேன். ‘பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, எனவே தலையிட இயலாது’ என்று ஒரு தானியங்கிக் கடிதம். திரும்ப எழுதினால் அதே கடிதம், தேதி மட்டும் வேறு. பணம் அனுப்பும் செயலிக்காரர்கள், நண்பருக்கு அனுப்பியதாக நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள் என்றார்கள். மூன்று பேரும் நல்ல மரியாதையோடு பேசினார்கள். 260 டாலர் யாரிடமும் இல்லை.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும்:

நண்பருக்கு அனுப்பும் முறையில் பொருளுக்குப் பணம் கட்டாதீர்கள், எத்தனை டாலர் குறைத்தாலும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பில் வந்த 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுத 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. எனக்கு அந்த வழியும் இல்லை.

பெட்டியைப் பார்க்காதீர்கள், பாகத்தைப் பாருங்கள். எண்ணெயைத் துடையுங்கள். தராசில் வையுங்கள். மாட்டுவதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுங்கள்.

பழைய ரெகுலேட்டரைத் தூக்கி எறியாதீர்கள். நான் எறிந்துவிட்டேன். அதன் ரிவெட் நன்றாகத்தான் இருந்தது, பல் தகட்டை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் வெளியே எடுத்த பிறகு அந்தச் சுருள் வில்லோடு விளையாடாதீர்கள், முறுக்கேறி நிற்கும், விரலைப் பதம் பார்த்துவிடும்.

சின்னப் பையன் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி நிறுத்தியிருக்கிறேன். முழுசாக ஏறவில்லை, மேலே மூன்று விரல் இடைவெளி, அதில் குப்பைப் பை ஒட்டியிருக்கிறது. இன்று இரவும் மழை என்கிறார்கள்.