கீழே ஐந்தாம் வரிசையா, பால்கனியில் இரண்டாம் வரிசையா?

நாடகத்துக்குப் போகிறவர்கள் எந்த நாடகம் என்பதில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் நடிகர் தெரிந்தவராக இருப்பார். தடுமாற்றமெல்லாம் சீட்டில்தான். டிக்கெட் எடுக்கும்போது விரியும் அந்த இருக்கைப் படத்தை வெறித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஆள் நான்.

இந்த முறை ஆறு நாடகங்களுக்குச் சேர்த்துச் சந்தா கட்டியதில் விஷயம் இன்னும் முற்றிவிட்டது. ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் ஆறு நாடகத்துக்கும் அதே சீட். பல வருடங்களாகக் கீழ்த்தளத்தில் ஐந்தாம் வரிசைப் பக்கமே உட்கார்ந்து பழகியவன், பால்கனிக்கு மாறினேன். நான்கு நாடகங்கள் முடிந்துவிட்டன. திரும்பக் கீழே இறங்கும் எண்ணம் இல்லை. அதனால் இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். கீழே கிட்டம், மாடி தூரம். கீழே விலை கூடுதல், மாடியில் பெரும்பாலும் குறைவு. மாடிக்குப் படி ஏற வேண்டும், அங்கே முட்டி வைக்க இடமும் போதாது. பழைய அரங்கு என்றால் சுத்தமாகப் போதாது. இடைவேளையில் கழிப்பறை வரிசை இரண்டு இடத்திலும் ஒரே நீளம். உருக்கமான காட்சியாகப் பார்த்து இருமுகிறவர், வசனத்துக்கு நடுவில் மெதுவாக, மிக மெதுவாகப் பொட்டலம் பிரிக்கிறவர், கைபேசி வெளிச்சத்தை மடியில் ஒளித்துவிட்டதாக நம்புகிறவர், இவர்களுக்கெல்லாம் மேல் கீழ் என்ற பேதம் கிடையாது.

கீழ்த்தளத்தின் சுகத்தைக் குறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும். நடிகர் மூச்சு வாங்குவது அங்கே கேட்கும். துணி உரசும் சத்தம், பலகைத் தரையில் காலடி விழும் சத்தம் எல்லாம் கேட்கும். கோபமான வசனத்தில் விளக்கொளிக்குக் குறுக்கே தெறிக்கும் எச்சில்கூடத் தெரியும். ஒரு நடிகை அழக்கூடாது என்று முயன்று தோற்பதைப் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் தாடை அசைந்தது, கண் அதற்கப்புறம்தான் நிறைந்தது. இது மாடியிலிருந்து தெரியாது, தெரியவே தெரியாது. முகபாவம் புரிய வேண்டுமானால் மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஏறக்குறைய 20 மீட்டர்தான் எல்லை என்று வைத்து நாடக அரங்குகளை வடிவமைப்பது வழக்கம். பெரிய அரங்கின் பால்கனி அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இன்னொன்று. ஒத்திகையின் கடைசிக் கட்டத்தில் இயக்குநரும் ஒளியமைப்பாளரும் மேசை போட்டு உட்காருவது பொதுவாகக் கீழ்த்தளத்தின் நடுவில். அதாவது காட்சியே அங்கிருந்து பார்ப்பதற்காகக் கோக்கப்படுகிறது. பிரெஞ்சு நாடகக்காரர்கள் அந்த நடு இருக்கையை ‘இளவரசனின் கண்’ என்பார்கள். தெருவும் தூண்களும் தூரத்தில் சிறுத்துப் போவது போலத் திரைச்சீலை எழுதிய காலத்தில், கோடுகளெல்லாம் சரியாகப் பொருந்தியது அரசகுலத்து ஆள் உட்கார்ந்த அந்த ஓரிடத்திலிருந்து பார்த்தால்தான். மற்றவர்களுக்குத் தெரு கொஞ்சம் கோணல்.

ஆனால் முதல் இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள். கழுத்து வலிக்கும், நடிகர்களின் மோவாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் மாடி? ஒரே ஒரு காரணம்தான். முன்னால் இருக்கும் தலை.

போன வருடம் ஒரு நாடகம். கீழே ஐந்தாம் வரிசை, நட்டநடு இருக்கை. எனக்கு முன்னால் ஓர் உயரமான மனிதர், பாவம், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நின்றும் நடந்தும் நடித்தவரை பெரிய தொந்தரவில்லை. அவருடைய இடது காதுப் பக்கமாகப் பாதி நாடகம், வலது காதுப் பக்கமாக மீதி என்று சமாளித்தேன். நான் இடப்பக்கம் நகர்ந்தால் எனக்குப் பின்னால் இருப்பவர் வலப்பக்கம் நகர்வார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இடப்பக்கம். ஒரு தலையால் ஒரு பத்தியே ஆடும். கடைசிக் காட்சியில் கதாநாயகி தரையில் சரிந்தாள். அவ்வளவுதான், ஆளைக் காணோம். கணவனாக நடித்தவரும் அவள் பக்கத்தில் மண்டியிட்டார், அவரையும் காணோம். வெறும் மேடை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். பக்கத்தில் இருந்த மனைவி என் காதில், “ஏங்க, அவ செத்துட்டாளா இல்லையா?” என்றாள். எனக்கென்ன தெரியும்?

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். நாடகத்தில் முக்கியமானதெல்லாம் தரையில்தான் நடக்கிறது. சாகிறவர்கள் தரையில் சாகிறார்கள். மன்னிப்புக் கேட்பவர்கள் மண்டியிடுகிறார்கள். கைதவறிய கடிதம் தரையில் கிடக்கிறது, அதை யார் எப்போது கவனிக்கப் போகிறார்கள் என்பதில்தான் காட்சியே நிற்கும். போதாக்குறைக்கு, பாதிப் பேர் தரையில் உட்கார்ந்துதான் மனசு விட்டுப் பேசுகிறார்கள். தளத்துக்குப் போதிய சரிவில்லாத அரங்கில், கீழே உட்கார்ந்தவருக்கு இடுப்புக்கு மேலே நடக்கும் நாடகம்தான் உறுதி.

இதற்குக் கணக்கு உண்டு. உட்கார்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து உச்சந்தலை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலாக எனக்கு மேடையின் முன்விளிம்பு தெரிய வேண்டுமென்றால், என் பார்வைக்கோடு அவருடைய கண் மட்டத்துக்கு அந்த 12 சென்டிமீட்டராவது மேலே போக வேண்டும். எல்லா வரிசைக்கும் இப்படியே கிடைக்க வேண்டுமானால் தளம் ஒரே சீராகச் சரிந்தால் போதாது. பின்னால் போகப் போகச் செங்குத்தாகிக்கொண்டே போக வேண்டும். அதற்குக் கட்டடத்தில் உயரம் வேண்டும், செலவு வேண்டும். அதனால் பல இடங்களில் இருக்கைகளை வரிசைக்கு வரிசை பாதி தள்ளிப் போட்டு, இரண்டு தலைகளுக்கு நடுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 6 சென்டிமீட்டர் கிடைத்தாலும் போதும் என்பது அந்தக் கணக்கு. முன்னால் இருக்கும் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிசுகிசுக்காதவரை அது சரிதான்.

பழைய அரங்குகளில் பலவற்றில் கதை தலைகீழ். பார்வையாளர் தளத்தைக் கிட்டத்தட்ட சமமாக வைத்துவிட்டு மேடையை நம் பக்கம் சரித்தார்கள். மேடையின் பின்பகுதியை ஆங்கில நாடகக்காரர்கள் இன்றும் ‘அப்ஸ்டேஜ்’, மேல்மேடை, என்று சொல்வது அந்தச் சரிவின் மிச்சம். பின்னாளில் புது மேடைகள் பெரும்பாலும் சமமாகிவிட்டன. அப்படிப்பட்ட பழைய கூடத்தில் மேடையையும் சமமாக்கிவிட்டால் நமக்குக் கிடைப்பது முன்னால் இருப்பவரின் பிடரிதான்.

பால்கனியில் இந்தச் சிக்கல் கட்டும்போதே தீர்ந்துவிடுகிறது. மேலேயிருந்து கீழே பார்க்க வேண்டும் என்பதால் படிகள் செங்குத்தாக இருந்தே ஆக வேண்டும். முன்னால் இருப்பவரின் தலை என் முழங்கால் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. அவர் கூடைப்பந்து ஆடும் உயரமென்றாலும் எனக்கு நஷ்டமில்லை. கிரேக்கர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எபிடாரஸில் மலைச்சரிவிலேயே அமைத்து, பிற்பாடு 55 வரிசைக் கல்லிருக்கைகளாக விரித்த அரங்கில், மேல்வரிசைகள் கீழ்வரிசைகளைவிடச் செங்குத்தானவை. கடைசி வரிசையிலிருந்து நடுக்களம் சுமார் 60 மீட்டர். அங்கிருந்து முகபாவமெல்லாம் தெரியாது. அவர்கள் அதை நம்பி நாடகம் போடவும் இல்லை, நடிகர்கள் முகமூடி போட்டுக்கொண்டார்கள்.

மேலே போனபிறகுதான் எனக்கும் அது பிடிபட்டது. முகம் சிறுத்துப்போகிறது, பதிலுக்கு மேடை முழுசாகக் கிடைக்கிறது. தரையில் விழும் ஒளியின் வடிவம், அதன் ஓரத்தில் கால் வைக்கத் தயங்கி நிற்கும் ஓர் ஆள், பேசிக்கொண்டே இருவருக்கும் நடுவில் கூடிக்கொண்டு போகும் இடைவெளி எல்லாம் தெரிகின்றன. இதையெல்லாம் யாரோ மெனக்கெட்டு அமைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாகக் கீழே உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை.

பால்கனிக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. முதல் வரிசைதான் சிறந்தது என்று எல்லோரும் பாய்வார்கள். அங்கே கைப்பிடித் தடுப்பு இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் உயரத்தைப் பொறுத்து அது மேடையின் முன்பகுதியைச் சரியாக வெட்டும். அமெரிக்கக் கட்டட விதிகளில் பார்வை மறைக்கும் இடத்தில் 26 அங்குலத் தடுப்புக்கு இடம் தருகிறார்கள். நடைவழி வந்து முடியும் இடத்திலோ அது 36 அங்குலமாவது இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் சரி, பால்கனி முதல் வரிசையில் நடைவழி ஓரத்துச் சீட்டை எடுக்காதீர்கள், அங்கேதான் கம்பி உயர்ந்திருக்கும். தடுப்பு மறைக்கிறதே என்று முன்னால் சாய்ந்தால், பின்னால் இருப்பவருக்கு மேடை காலி. மேலேயிருந்து பார்வை சரிந்து இறங்குவதால், முன்னே நீளும் தலை நேராக அந்தக் கோட்டுக்குள் புகுந்துவிடும். அதனால்தான் நான் இரண்டாம் வரிசை. படி ஓர் அடுக்கு ஏறியதும் தடுப்பு கண்ணை விட்டு இறங்கிவிடுகிறது.

அப்படியானால் முன்னால் ஒருவர் சாய்ந்தால்? சாய்ந்தார், நான்கு நாடகத்தில் ஒரு தடவை. தோளைத் தொட்டு, “கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கிறீங்களா, தெரியல” என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டார். என்னைக் கேட்டால் மொத்தத் தீர்ப்பும் இதில்தான் இருக்கிறது. சாய்கிறவரிடம் சொல்லலாம். உயரமாகப் பிறந்தவரிடம் என்னத்தைச் சொல்வது?

மாடி என்றால் மட்டம் என்ற எண்ணம் நிறைய பேருக்கு இருக்கிறது. உச்சிமாடியை ஆங்கிலத்தில் ‘தெய்வங்கள்’ என்றும், பிரெஞ்சில் ‘சொர்க்கம்’ என்றும் ‘கோழிக்கூண்டு’ என்றும் கேலியாகச் சொல்வார்கள். ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. லண்டனில் 1599இல் எழுந்த குளோப் அரங்கில் மேடையை ஒட்டிய முற்றம்தான் மலிவு. ஒரு பென்னி கொடுத்து வெயிலிலும் மழையிலும் நின்று பார்க்க வேண்டும். சுற்றியிருந்த மாடங்களுக்குக் கூடுதல் காசு. பிற்பாடு வந்த அரங்குகளிலும் கீழே ‘பிட்’ என்ற மலிவான பெஞ்சுப் பகுதி வெகுகாலம் இருந்தது. 1880இல் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் அதை எடுத்துவிட்டு விலையுயர்ந்த இருக்கைகளைப் போட்டபோது, முதல் நாளே ரசிகர்கள் கூச்சல் போட்டு நாடகத்தை நேரத்துக்குத் தொடங்கவிடவில்லை. கீழே உட்காருவது கௌரவம் என்பது அப்படிக் காசுக் கணக்கில் வந்து சேர்ந்தது.

ஒலியைப் பற்றி ஒரு வரி. பால்கனியின் முன்வரிசைகளில் வசனம் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. மோசமான இடம் மாடியல்ல, மாடிக்கு அடியில் இருக்கும் கீழ்த்தளத்துக் கடைசி வரிசைகள். தாழ்ந்த கூரை ஒலியையும் அடக்கும், மேடையின் மேல்பாதியையும் வெட்டும். அதற்கும் கீழ்த்தள விலையே வாங்குவார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அங்கே போக வேண்டாம்.

நான் சொல்வதெல்லாம் சட்டம் போட்ட படம் மாதிரி ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு. நாற்புறமும் ஆட்கள் உட்காரும் மேடையில் நான் பார்த்தது இரண்டே நாடகம், அதை வைத்து எதுவும் சொல்வது நியாயமில்லை. நூறு பேர் கொள்ளும் சின்ன அரங்கில் இந்தக் கேள்வியே இல்லை. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் கீழேயே இருங்கள். செங்குத்தான படியில் இருட்டில் இறங்குவது எனக்கே கொஞ்சம் கலக்கம்தான். என் முட்டிகள் இன்னும் எத்தனை வருடம் ஒத்துழைக்கும் என்பதும் தெரியாது.

மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. “மூஞ்சி தெரியாம என்ன நாடகம்?” என்பது அவள் கட்சி. நான்காவது நாடகத்துக்குத் தன் சந்தா டிக்கெட்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, கீழே ஆறாம் வரிசையில் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டாள். இடைவேளையில் படிக்கட்டருகே சந்தித்தோம். அண்ணனாக வருகிறவர் பொய் சொல்லும்போதெல்லாம் கண்ணிமை துடிக்கிறது, கவனித்தேனா என்று கேட்டாள். கவனிக்கவில்லை. சோபாவுக்குப் பின்னால் அந்தச் சின்னப் பெண் முதலிலிருந்தே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, பார்த்தாயா என்று நான் கேட்டேன். எந்தச் சின்னப் பெண் என்றாள்.

மணி அடித்ததும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டோம். ஆறாம் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரிய கொண்டை. அண்ணனின் கண்ணிமை இரண்டு தடவை துடித்ததைப் பார்த்தேன். மூன்றாவது தடவை கொண்டை குறுக்கே வந்துவிட்டது. முடிந்து வெளியே வந்தபோது மனைவி முட்டியைத் தேய்த்துக்கொண்டே, அடுத்த நாடகத்துக்கு இரண்டாம் வரிசை நடுச் சீட் தனக்குத்தான் என்றாள்.