யூரெய்ல் பாஸுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டும்முன் இதைப் படியுங்கள்

ஐரோப்பாவில் பல நாட்டு ரயில்களில் ஒரே பாஸில் போகலாம், அதுதான் யூரெய்ல். அதற்குப் பாரிமுனைப் பக்கம் ஒரு டிராவல் ஏஜென்சி நண்பர்கள் இருவருக்குக் கொடுத்த ரசீது இது. புகார் நடப்பதால் பெயரைப் போடவில்லை.

10 நாள் யூரெய்ல் குளோபல் பாஸ், 2 பேர், தலைக்கு 46,000. சீட் ரிசர்வேஷன் 12, ஒன்றுக்கு 2,800. சர்வீஸ் சார்ஜ் 4,400. டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) 5 சதவீதம், 6,500. ஆக மொத்தம் ரூ. 1,36,500. அடியில் நீல பேனாவால் ஒரு வரி: 'ஆல் டிரெயின் ஃப்ரீ.'

இதில் ஒரு வரிகூட நேர்மையானது இல்லை. வண்ணாரப்பேட்டை, மண்ணடி, ராயபுரம், பெரம்பூர் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் சேர்ந்து கிளம்புகிறார்கள். அவர்களிடமும் இதே ரசீதை நீட்டுவார்கள் என்பதால் வரி வரியாக எழுதுகிறோம்.

பயணத்திட்டம் இது: பாரிஸ், சூரிச், மிலான், வெனிஸ், வியன்னா, பிராக், பெர்லின். ஏழு ஊர், இடையில் ஆறு ரயில். யூரெய்ல் குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். அதில் நாள் கணக்குப் பாஸ் ஐந்து வகை: ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாள். பயண நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. அந்த ஒரு நாளில் எத்தனை ரயில் மாறினாலும் ஒரு நாள்தான் கழியும். இரவு ரயிலில் நள்ளிரவுக்கு முன் ஏறி, அதற்குப் பின் வேறு ரயில் மாறாமல் போனால், ஏறிய தேதி மட்டுமே கணக்கு. வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயிலில் போனாலும் இரண்டு நாள் கழியாது. ஆறு ரயிலுக்கு ஆறு நாள். 7 நாள் பாஸே தாராளம். 10 நாள் பாஸை விற்றது கமிஷனுக்காக.

ரசீதின் இரண்டாவது வரி, சீட் ரிசர்வேஷன்தான் பெரிய மோசடி. பாஸ் என்பது நம் ஊர் சீசன் டிக்கெட் மாதிரி. எண்ணூரிலிருந்து சென்ட்ரலுக்கு சீசன் எடுத்தவர் மின்சார ரயிலில் ஏறலாம், உட்கார இடம் கிடைத்தால் உட்காரலாம். அதே சீசனைக் காட்டி வந்தே பாரத்தில் ஏற முடியாது. ஐரோப்பாவிலும் சில ரயில்களில் பாஸைக் காட்டி ஏறி உட்காரலாம். சிலவற்றுக்குப் பாஸோடு தனியாகக் காசு கட்டி சீட் எடுத்தே ஆகவேண்டும். பிரான்சின் டிஜிவி, பாரிஸ்–சூரிச் லிரியா, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ, லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்கள், எல்லா நைட்ஜெட்டும் இரண்டாவது வகை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் கட்டாயமில்லை.

இந்தப் பயணத்தில் பாரிஸ்–சூரிச், சூரிச்–மிலான், மிலான்–வெனிஸ், வெனிஸ்–வியன்னா ஆகிய நான்கும் கட்டாயம். வியன்னா–பிராக், பிராக்–பெர்லின் இரண்டும் விருப்பம்தான். வேண்டுமென்றால் சில யூரோவுக்கு சீட் போட்டுக்கொள்ளலாம். ஏஜென்ட் ஆறுக்கும் ஒரே விலை போட்டிருக்கிறார். சீட் ஒன்றுக்கு என்ன கட்டணம் என்பது ரயிலுக்கு ரயில் மாறும். பிரான்சுக்குள் ஓடும் டிஜிவியில் பாஸ்காரருக்கு 10லிருந்து 20 யூரோ, நைட்ஜெட்டில் உட்காரும் சீட்டுக்கு ஒரு விலை, படுக்கைக்கு அதைவிட அதிகம். எல்லாவற்றுக்கும் ஒரே தொகை போட்ட ரசீதைப் பார்த்தாலே உஷாராகிவிடலாம்.

கடைசியில் கைக்கு வந்தது என்ன? வியன்னா–பிராக், பிராக்–பெர்லின் இரண்டுக்கும் இருவர் பெயரில் பிடிஎஃப். அதாவது தேவையே இல்லாத, மலிவான நான்கு சீட். கட்டாயமான எட்டு சீட்டும் இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: "பாஸ் இருக்குல்ல சார், ஏறி உக்காருங்க, டிடிஆர் ஒண்ணும் கேக்க மாட்டான்."

கேட்பார். லிரியாவிலும் டிஜிவியிலும் பாஸ்காரருக்கென்று ஒதுக்கும் சீட்டுக்கு ஒரு கோட்டா உண்டு. ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் அந்தக் கோட்டா தீர்ந்தால் முழுக் கட்டணத்தில் புது டிக்கெட்தான். நம் ஊர் போல வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி எதுவும் அங்கே கிடையாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் தேடினால் அந்த இருவருக்கும் நடந்ததுதான் நடக்கும்: கோட்டா முடிந்துபோய், பாஸ் இருந்தும் பாரிஸ்–சூரிச்சுக்கு முழு டிக்கெட்.

அடுத்தது பாஸ். இதை நிதானமாகப் படியுங்கள். "பாஸ் நம்பர் ஏர்போர்ட் கிளம்பறப்போ வாட்ஸ்அப்ல வந்துடும், டென்ஷன் ஆகாதீங்க" என்றார் ஏஜென்ட். மொபைல் பாஸ் ஆன்லைனில் வாங்கியதும் மின்னஞ்சலில் வந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் பயணத்தைத் தொடங்கினால் போதும். ஆகவே நம்பரைப் பிடித்துவைக்க நியாயமான காரணம் எதுவும் கிடையாது. ரெயில் பிளானர் செயலியில் குடும்பப் பெயரையும் பாஸ் நம்பரையும் போட்டால் பாஸ் திறக்கும். விமானத்துக்கு முந்தைய இரவு நம்பர் வந்தது. போட்டால் திறக்கவில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்க, ஏஜென்ட் இனிஷியலை மட்டும் அடித்திருக்கிறார். இனிஷியலைப் போட்டதும் திறந்தது. பெயருக்குக் கீழே பாஸ் வகை: 'யூத்.'

யூத் பாஸ் 27 வயது வரை இருப்பவர்களுக்கு. பெரியவர் (அடல்ட்) பாஸைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. இருவருக்கும் வயது முப்பத்துநான்கு. பெரியவர் விலையை வசூலித்து, பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு யூத் பாஸ் எடுத்து, மிச்சத்தை ஏஜென்ட் பையில் போட்டுக்கொண்டார். ரயிலில் பரிசோதகர் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பாஸ்போர்ட்டையும் கேட்பார். தேதி ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பாஸ் செல்லாது. முழுக் கட்டணத்தோடு அபராதமும் சேரும். 'ஏஜென்ட் செய்த தப்பு' என்று ரயிலில் நின்று சொல்லிப் பயனில்லை.

இதே ரகத்தில் இன்னொன்று இன்டர்ரெயில் பாஸ். அது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். இந்தியாவில் வசிக்கும் நமக்கு யூரெய்ல்தான். ஆஃபர் என்று சொல்லி யாராவது இன்டர்ரெயில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சலுகை விலையில் வாங்காத, ஆக்டிவேட் செய்யாத பாஸை ரத்து செய்தால் 15 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆனால் அந்தப் பணம் ஆர்டர் போட்டவரின் கணக்குக்குத்தான் போகும். ஆர்டர் ஏஜென்டின் மின்னஞ்சலில், ஏஜென்டின் கார்டில். அவர் உங்களிடம் 'நான்-ரீஃபண்டபிள், பணம் திரும்பாது' என்று கையை விரித்துவிட்டு 85 சதவீதத்தை வாங்கிக்கொள்ள முடியும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஏஜென்ட் மூலம்தான் வாங்குவேன் என்றாலும், ஆர்டர் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் எதிரிலேயே, உங்கள் கார்டில் நடக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, பெயர், பிறந்த தேதி, வசிக்கும் நாடு, பாஸ் வகை நான்கையும் நீங்களே படித்துச் சரிபாருங்கள். பிறகு அங்கேயே செயலியில் பாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறப்பதும் ஆக்டிவேட் செய்வதும் வேறு வேறு. திறந்து பார்ப்பதால் நாள் கழியாது. பயணம் தொடங்கும் தேதியை மட்டும் அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள்.

பாஸே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். ஆறு ரயிலுக்குப் பல நேரம் தனித்தனி டிக்கெட்டே மலிவு. டிபி நேவிகேட்டர் செயலியில் ஐரோப்பா முழுக்க நேரம் பார்க்கலாம். ஜெர்மனியின் ஸ்பார்பிரைஸ், ஆஸ்திரியாவின் ஸ்பார்ஷீனே மாதிரி முன்பதிவு விலைகளைக் கூட்டி, பாஸ் விலையோடு சீட் காசையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இந்த மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும். உங்கள் தாமதத்தால் தவறவிட்டால் போனது போனதுதான். டிசம்பர் நடுவில் கால அட்டவணை மாறும், அதையொட்டிப் போகிறவர்கள் நேரத்தை மறுபடி பார்க்கவும்.

டிசிஎஸ் வரிக்கு வருவோம். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்குத்தான் அந்த வரி. வெறும் டிக்கெட் மட்டும் வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது. இந்த ஏஜென்ட் பான் நம்பரே கேட்கவில்லை. பான் இல்லாமல் பிடித்த டிசிஎஸ் எங்கே போய்ச் சேரும்? ஹோட்டலும் சேர்த்து பேக்கேஜாக வாங்கினவர்கள் வருமான வரி தளத்தில் தங்கள் 26ஏஎஸ் அறிக்கையைப் பாருங்கள். கட்டியிருந்தால் அதில் தெரியும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அது வரி அல்ல, உங்களிடம் அடித்த பணம்.

விசாவிலும் ஒரு தவறான யோசனை சொன்னார்: "சுவிஸுக்கு ஸ்லாட் காலியா இருக்கு, அதுல போட்டுடலாம்." எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான விசா) கேட்க வேண்டும். நாள்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் இறங்குகிறவர்கள், பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா, செக் நான்கிலும் மூன்று மூன்று இரவு, சுவிஸிலும் ஜெர்மனியிலும் அதைவிடக் குறைவு என்றால் அது பிரான்ஸ்தான். போலி ஹோட்டல் புக்கிங் காட்டி சுவிஸில் போட்டால் நிராகரிக்கப்படலாம், கட்டிய 90 யூரோ திரும்ப வராது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். லண்டனையும் சேர்த்துக்கொண்டால் அதற்குத் தனி விசா, திரும்பி வர ஷெங்கன் விசா மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும்.

நிலையத்தின் பெயரையும் டிக்கெட்டில் படியுங்கள். எழும்பூரில் ஏற வேண்டியவர் சென்ட்ரலில் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பாரிஸில் யூரோஸ்டாருக்கு கார் து நார், சூரிச் ரயிலுக்கு கார் து லியோன். வெனிஸில் சாந்தா லூச்சியாதான் தீவில் இருக்கும் நிலையம், மெஸ்த்ரே கரையில். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயரில் இரண்டு ஊர், மைன் நதிக்கரையில் ஒன்று, ஓடர் நதிக்கரையில் ஒன்று.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் முதலில் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிக் கணக்கு விவரம், செயலியில் பாஸ் வகை தெரியும் ஸ்கிரீன்ஷாட் நான்கையும் எடுத்து வைக்கவும். கார்டில் கட்டியிருந்தால் அன்றே வங்கியில் டிஸ்பியூட் போடுங்கள். யுபிஐயிலும் ரொக்கமாகவும் கொடுத்தது எளிதில் திரும்பாது. ஆன்லைனில் மட்டுமே பழகிய, கடையே இல்லாத ஏஜென்ட் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கடை வைத்திருப்பவர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வடசென்னைக்காரர்களுக்கு சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவில் 'ஏமாற்றிவிட்டார்' என்று மொத்தமாக எழுதாதீர்கள். பெரியவர் பாஸுக்கு வாங்கிய தொகை, கொடுத்தது யூத் பாஸ், 12 சீட்டுக்குப் பணம், கொடுத்தது 4, வியன்னா–பிராக், பிராக்–பெர்லின் என்று ரயில் பெயரோடு, தேதியோடு எழுதுங்கள்.